மதுரையிலிருந்து வானியல் ஆராய்ச்சிக்கு: கார்த்திகையில் தொடங்குங்கள்

"மதுரையில் உட்கார்ந்துகொண்டு வானியல் ஆராய்ச்சிக்குள் எப்படிப் போவது, காலேஜில் உருப்படியான டெலஸ்கோப்கூட இல்லையே" என்று எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் தம்பி தங்கைகள் கேட்பதுண்டு. டெலஸ்கோப்பை விடுங்கள். ஆராய்ச்சியில் இருப்பவர்களே பெரும்பாலான நாட்களைக் கம்ப்யூட்டர் முன்னால்தான் கழிக்கிறார்கள், அவர்கள் பயன்படுத்தும் தரவில் பெரும்பகுதி உங்களுக்கும் இலவசம். ஒரு லேப்டாப் போதும்.

முதல் வேலைக்குக் கார்த்திகை விண்மீன் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பாட்டி காட்டிய அதே அறுமீன்தான். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் சுமார் 180 கோடி விண்மீன்களை அளந்த பட்டியல் 2022இல் வெளியானது. டாப்கேட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, வானத்தில் இடத்தைக் குறிக்கும் எண்களாக வல ஏற்றம் 56.75 பாகை, நடுவரை விலக்கம் 24.1 பாகை, ஆரம் 2 பாகை என்று கொடுத்து அந்தப் பகுதியை இறக்குங்கள். கார்த்திகைக்கு முன்னால் இருப்பது, ரொம்பப் பின்னால் இருப்பது எல்லாம் கலந்து ஒரே புள்ளிக்குவியலாக வரும். இப்போது ஒவ்வொரு விண்மீனும் வானத்தில் நகரும் வேகத்தை, கிழக்கு மேற்கு ஒரு அச்சு, தெற்கு வடக்கு இன்னொரு அச்சு என்று வரையுங்கள். பூஜ்யத்தைச் சுற்றி ஒரு பெரிய திரள் இருக்கும். அதைவிட்டு விலகி, கிழக்கு மேற்கில் 20, தெற்கு வடக்கில் மைனஸ் 45 என்ற இடத்துக்குப் பக்கத்தில் (அலகு ஆண்டுக்கு மில்லி ஆர்க்செகண்ட், ஒரு பாகையை 36 லட்சமாகப் பிரித்த ஒரு பங்கு) சின்னதாக ஒரு கொத்து இருக்கும். அதுதான் கார்த்திகை, சேர்ந்து பிறந்து இன்னும் சேர்ந்தே நகர்கிறது!

அந்தக் கொத்தை மட்டும் பிரித்தெடுத்து இடமாறு கோணத்தைப் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம்) பாருங்கள், 7.4 மில்லி ஆர்க்செகண்ட் அளவில் இருக்கும். ஆயிரத்தை அதால் வகுத்தால் சுமார் 135 பார்செக், அதாவது ஏறக்குறைய 440 ஒளியாண்டு. அப்புறம் நிறத்துக்கும் ஒளிர்வுக்கும் வரைபடம் போட்டால் விண்மீன்கள் ஒரு கோட்டில் வரிசை கட்டும், அதற்குச் சற்று மேலே இணையாக இன்னொரு மெல்லிய கோடும் தெரியும். அவற்றில் பல இரட்டை விண்மீன்கள்: சமமான இரண்டு ஒன்றாகத் தெரிந்தால் பிரகாசம் 0.75 மேக்னிட்யூட் (விண்மீன் பிரகாசத்தின் அலகு) கூடும். எத்தனை சதவீதம் இரட்டை, எண்ணியதில் பிழை எவ்வளவு என்று நீங்களே கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் ஆராய்ச்சி ஆரம்பிக்கிறது.

இதை நாலு பக்கத்தில் எழுதி, அச்சுகளுக்கு அலகு போட்டு, பைத்தான் நிரலோடு கிட்ஹப் இணையதளத்தில் வையுங்கள். அடுத்த வேலைக்குக் கொடைக்கானல் இருக்கிறது. 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம், நூறாண்டுக்கும் மேலான சூரியப் படங்களை டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி ஒருமுறை நேரிலும் பார்த்துவிட்டு வாருங்கள்.

வழிகாட்டச் சொல்லி ஒரு ஆராய்ச்சியாளருக்குக் கடிதம் எழுதும்போது "சின்ன வயதிலிருந்தே வானத்தின்மேல் ஆர்வம்" என்று ஆரம்பிக்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அந்த ஆராய்ச்சியாளரின் கட்டுரை ஒன்றை ஆர்க்சிவ் என்ற இலவச ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் முழுதாகப் படித்து, அதில் உண்மையாகவே புரியாத ஒரு கேள்வியைக் கேட்டு, உங்கள் நாலு பக்கத்தை இணைத்து, ஐந்தாறு வரியில் முடியுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டாம். அவர்களிடம் பிஎச்.டி. செய்யும் மாணவர்களுக்கும் எழுதுங்கள், நேரம் ஒதுக்கிப் பேசக்கூடியவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

பிஎச்.டி.யில் சேரத் தேர்வு என்றால் ஜெஸ்ட், சிஎஸ்ஐஆர் நெட், புனேயில் உள்ள ஐயூகா வானியல் மையத்தின் நுழைவுத் தேர்வு. ஜெஸ்ட்டிலும் நெட்டிலும் நீங்கள் எழுதப்போவது இயற்பியல் தாள்தான், அதனால் குவாண்டம், புள்ளியியல் இயக்கவியல், மின்காந்தவியல் மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் பணத்தைப் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள். 2023லிருந்து ஜேஆர்எஃப் (பிஎச்.டி. மாணவர்களுக்கான) உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. பிஎச்.டி.க்கு ஐந்தாறு வருடம், அப்புறம் இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை, பெரும்பாலும் வெளிநாட்டில், ஒன்றுக்கு மேற்பட்டதாகவும் இருக்கலாம். நிரந்தர வேலை வரும்போது வயது முப்பத்தைந்தை நெருங்கியிருக்கும். கல்யாணம், தங்கச்சி படிப்பு, வீட்டுக் கடன் என்று பொறுப்பு இருந்தால் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பா அம்மாவிடம் காட்டிவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.