மாமியோடு ஆஸ்பத்திரி நாடகம் பார்ப்பது எப்படி

இரவு எட்டு மணிக்கு முன் சமையலை முடித்துவிடுங்கள். இடையில் புட்டு அவிக்க எழும்பினால் இரண்டு ஒப்பரேஷனும் ஒரு காதல் முறிவும் போய்விடும். திரும்பி வந்து கேட்டால் மாமி சொல்லமாட்டார்.

நான் வன்னி ஆஸ்பத்திரிகளில் 28 வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது விசுவமடுவில் வீட்டோடு இருக்கிறேன். கனடாவிலிருந்து வந்த மச்சாளின் மகள் ஒரு பென்டிரைவ் நிறைய ஆங்கில ஆஸ்பத்திரி நாடகங்களைப் போட்டுத் தந்துவிட்டுப் போனாள். மாமிக்கு ஆங்கிலம் தெரியாது, நான்தான் மொழிபெயர்ப்பாளர். நோயின் பெயரை மொழிபெயர்க்க மினக்கெட வேண்டாம். யார் யாரைக் காதலிக்கிறார், யாருக்கு யாரோடு கோபம் என்பதைச் சொன்னால் போதும், மிச்சம் தானாக விளங்கும்.

முதல் இருபது நிமிடத்தில் சொல்லப்படும் நோயை நம்பாதீர்கள். அது பிழை. இரண்டாவதாகச் சொல்வதும் அநேகமாகப் பிழைதான்.

உங்களுக்கு மருத்துவம் கொஞ்சம் தெரியுமென்றால், ஒரு இரவுக்கு ஒரு திருத்தத்துக்கு மேல் சொல்லக்கூடாது. நான் என்னுடைய ஒன்றை எப்போதும் நேர்கோட்டுக்குத்தான் செலவழிப்பேன். மானிட்டரில் கோடு நேராகிப் பீ... என்று கத்தும். உடனே இஸ்திரிப் பெட்டி மாதிரி இரண்டை நெஞ்சில் வைத்து ஷொக் கொடுப்பார்கள், நோயாளி துள்ளி எழும்புவார். உண்மையில் நேர்கோட்டுக்கு ஷொக் உதவாது. இதயம் ஒழுங்கில்லாமல் நடுங்கித் துடிக்கும்போதுதான் அது பயன்படும். கோடு நேரானால் நெஞ்சை அமுக்குவதும் அட்ரினலினும்தான். நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை, ஐந்து சென்டிமீட்டராவது இறங்க அமுக்க வேண்டும். சில வேளை விலா எலும்பு முறியும். நடிகர்கள் முழங்கையை மடக்கிக்கொண்டு தடவுவது ஏன் என்றால், கீழே கிடப்பவர் உயிரோடு இருக்கிறார், பாவம்.

1994இல் தொடங்கிய ஈ.ஆர். உட்பட மூன்று தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து அமெரிக்க டொக்டர்மார் 1996இல் ஒரு கணக்கெடுத்தார்கள். நெஞ்சு அமுக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் அந்த இடத்திலேயே பிழைத்துவிட்டார்களாம். உண்மையில் அதற்குக் கிட்டவும் வராது. இதை மாமிக்குச் சொன்னேன்.

"அப்ப நல்ல ஆஸ்பத்திரிதானே," என்றார்.

எங்கள் வார்டின் உண்மையான பரபரப்பைச் சொல்கிறேன். அறுவடைக் காலம். வயலில் புடையன் பாம்பு கடித்து ஒருவரைக் கொண்டுவருவார்கள். அவருடைய இரத்தத்தைச் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் வைப்போம். இருபது நிமிடம். பிறகு மெதுவாகச் சரித்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் மூச்சு விடலாம், திரும்பவும் சோதிப்போம். தண்ணீராக ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை காட்டிவிட்டது, விஷமுறிவு மருந்தைத் தொடங்க வேண்டும். அந்த இருபது நிமிடமும் இசை இல்லை, ஓட்டம் இல்லை. மனைவி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு குழாயையே பார்ப்பார். "மிஸ், இப்ப பாக்கலாமோ?" இன்னும் பன்னிரண்டு நிமிடம். இதை எந்த டீவிக்காரன் எடுப்பான்?

அதனால்தான் அவர்களுக்குக் குண்டு தேவைப்படுகிறது. கிரேஸ் அனாட்டமி தொடரில், 2006இல் வந்த ஒரு கதையில், ஒருவரின் நெஞ்சுக்குள் வெடிக்காத குண்டு. பயிற்சி டொக்டர் பிள்ளையின் கை அதன் மேல். கையை எடுத்தால் எல்லோரும் காலி. உலகமே "இது கொஞ்சம் ஓவர்" என்று சிரித்திருக்கும். மாமி சிரிக்கவில்லை. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் இன்னும் வேலை செய்கிற மண் இது. "ஆமிக்காரர் வந்து எடுத்தவையோ?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே யார் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு சத்தத்தை வையுங்கள். ஈ.ஆர். தொடரில் ஒரு டொக்டரின் கையை ஹெலிகொப்டர் விசிறி வெட்டும், அடுத்த வருடம் அதே மனுஷன் மேல் ஹெலிகொப்டரே விழும். எழுதினவருக்கு அவர்மேல் என்ன கோபமோ. எங்கள் வீட்டில் அந்த இடத்தில் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிடுவேன். 2009இல் யுத்தத்துக்குள்ளிருந்து வெளியே வந்தவர்களுக்கு அந்தச் சத்தம் நாடகமில்லை. படம் மட்டும் ஓடினால் மாமி கையைத் தட்டிச் சிரிப்பார்.

எதைப் பார்த்து மாமி வாயைப் பிளப்பார் என்று நினைக்கிறீர்கள்? இதய மாற்று ஒப்பரேஷனா? இல்லை. ஹவுஸ் தொடரில் ஒரு நோயாளிக்காக மூன்று நான்கு டொக்டர்மார் வெள்ளைப் பலகையில் எழுதி எழுதிச் சண்டை பிடிப்பார்கள். "ஒரு ஆளுக்கு நாலு டொக்டரோ!" மாமிக்குச் சீனி வருத்தம். காலை ஐந்து மணிக்கு நம்பர் எடுத்து, பதினொன்றுக்கு உள்ளே போய், மூன்று நிமிடத்தில் கொப்பியோடு வெளியே வருகிறவர். டொக்டர் கட்டில் ஓரத்தில் இருந்து கையைப் பிடிக்கும் காட்சி வந்தால் மொழிபெயர்ப்பை நிறுத்திவிடுங்கள். நான் நிறுத்திவிடுவேன்.

கடைசியாக, கரண்ட் போனால் முடிவை ஊகித்துச் சொல்லாதீர்கள். போன மாதம் ஒரு பெடியனின் வயிறு திறந்திருந்த நேரம் கரண்ட் போனது. "பிழைச்சிடுவான், மாமி," என்றேன். அவர் விடியக் கோயிலில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டார். அன்றிரவு மிச்சத்தைப் போட்டோம், பெடியன் செத்துப்போனான். கோயில்காரருக்கு இன்னும் திருத்தம் போகவில்லை.