பாராசிட்டமாலைக் கரி எவ்வளவு பிடிக்கும்? லாங்மியூர் கோட்டைப் பொருத்தும் முறை

பாராசிட்டமால் கரைசலில் கரியைப் போட்டு, செறிவு மேலும் மாறாத சமநிலை வரும்வரை வைக்கும் குடுவைச் சோதனை முடிந்துவிட்டது; கரி சேர்க்கும் முன் இருந்த செறிவும் சமநிலைக்குப் பின் எஞ்சிய செறிவும் கையில் உள்ளன. இனிக் கணக்குதான்: எஞ்சிய செறிவு கூடக் கூடக் கரி பிடிக்கும் அளவு எப்படி ஏறி நிற்கிறது என்று காட்டும் லாங்மியூர் வளைகோட்டைத் தரவோடு பொருத்த வேண்டும். (செறிவை 243 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் அளப்பவர்கள் முதலில் வடிகட்டிவிடுங்கள். மிதக்கும் கரித்தூளும் ஒளியை மறைக்கும். எஞ்சிய மருந்து கூடுதலாகத் தெரியும்.)

1. ஏற்றம்

ஏற்றம் என்பது ஒரு கிராம் கரி பிடித்துவைத்த மருந்தின் அளவு.

ஏற்றம் = (தொடக்கச் செறிவு − எஞ்சிய செறிவு) × கரைசலின் கன அளவு ÷ கரியின் எடை

100 மி.லி. கரைசல், 50 மி.கி. கரி, செறிவு லிட்டருக்கு 50 மி.கி.யிலிருந்து 12க்கு இறங்கியது என்றால் 38 × 0.1 ÷ 0.05 = 76 மி.கி./கிராம். மி.லி., மி.கி. இரண்டையும் மாற்றாமல் போட்டாலும் 76தான் வரும். ஒன்றை மட்டும் மாற்றினால்தான் ஆயிரம் மடங்கு பிசகும்.

செறிவு 100இலிருந்து 97 ஆக மட்டும் குறைந்த குடுவையை நம்பாதீர்கள். ஒவ்வோர் அளவீட்டிலும் 1 பிழை இருந்தால், 3 என்ற வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி பிழைதான். கரியைக் கூட்டி மறுபடி செய்யுங்கள்.

2. லாங்மியூர் சமன்பாடு

ஏ = உ × க × செ ÷ (1 + க × செ)

ஏ ஏற்றம், செ எஞ்சிய செறிவு, உ உச்ச ஏற்றம், க பிணைப்பு மாறிலி (மருந்து கரியில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பதன் அளவு).

3. பொருத்துதல்

பலர் சறுக்குவது இங்கேதான். பாடநூல்கள் செ/ஏ என்பதை செ-க்கு எதிராக வரைந்து நேர்கோடு போடச் சொல்லும். செ இரண்டு அச்சிலும் இருப்பதால், தரவு சுமாராக இருந்தாலும் ஆர்-வர்க்கம் (பொருத்தம் எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99ஐத் தொட்டுவிடும். 1/ஏ-வை 1/செ-க்கு எதிராக வரையும் வடிவம் இதைவிட மோசம்: மிகச் சிறிய செறிவுப் புள்ளிகள்தான் கோட்டை இழுக்கும், பிழை அதிகமுள்ள புள்ளிகளும் பெரும்பாலும் அவையே. கணினி இருக்கும்போது நேர்கோடு எதற்கு? வளைகோட்டையே நேரடியாகப் பொருத்துங்கள். பைத்தான் நிரல்மொழியில் சைப்பை (SciPy) நூலகத்தின் கர்வ்-ஃபிட் (curve_fit) போதும். தொடக்க மதிப்பாக உ-வுக்கு அளந்ததில் மிகப் பெரிய ஏற்றத்தைக் கொடுங்கள். அதில் பாதி ஏறிய இடத்துச் செறிவின் தலைகீழ்தான் க.

4. விடையைச் சந்தேகித்தல்

அளந்த உச்சம் 80 இருக்க, உ 300 என்று வந்தால் கோடு இன்னும் தட்டையாகவில்லை என்று பொருள். அப்போது உ-வும் க-வும் ஒன்றையொன்று ஈடுகட்டும். அந்த உ-வை எழுதாதீர்கள், உயர்ந்த செறிவில் இன்னும் சில குடுவைகள் வையுங்கள். எச்சங்களை (அளந்த ஏற்றத்துக்கும் கோடு தரும் ஏற்றத்துக்கும் உள்ள வித்தியாசங்களை) வரைந்து பாருங்கள். அவை வில்லாக வளைந்தால் ஏற்றத்துக்கான இன்னொரு சமன்பாடான ஃப்ராய்ண்ட்லிக்கையும் முயலுங்கள். கரியின் துளைகள் ஒரே மாதிரி இல்லாததால் அது பல நேரம் நன்றாகவே பொருந்தும்.

பின்சேர்க்கை: எக்செல் சால்வர்

எக்செலில் பொருத்துபவர்கள் அதன் சால்வர் கருவியைப் பயன்படுத்தலாம். உ, க கட்டங்களை வெறுமையாக விட்டால் இரண்டும் பூஜ்யம். அங்கே ஏதாவது ஒன்றை மட்டும் சிறிது நகர்த்தினால் பிழை மாறாது; சால்வர் நகராமலே "விடை கிடைத்தது" என்று சொல்லிவிடும். 80, 0.1 போல ஏதாவது இட்டுத் தொடங்குங்கள்.

டைக்ளோஃபினாக் என்ற வலி நிவாரணிக்கும் கணக்கு இதேதான். ஆனால் பிஎச்சைக் கட்டாயம் குறித்துவையுங்கள். பாராசிட்டமாலின் பிகேஏ (மூலக்கூறுகளில் பாதி அயனியாகும் பிஎச்) 9.5ஐ ஒட்டியது, நடுநிலை நீரில் அதற்கு மின்னேற்றமில்லை. டைக்ளோஃபினாக்கின் பிகேஏ 4 அருகே. அதே நீரில் அது எதிர்மின் அயனி, எனவே பிஎச் மாறினால் உ-வும் க-வும் மாறும்.