மாசாய் கழுத்துப் பட்டை கோப்பது எப்படி?

கென்யாவிலும் தான்சானியாவிலும் மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களின் மணிப்பட்டையை, பள்ளிப் பண்பாட்டு நாளுக்குக் கோக்க விரும்பும் மலேசியாவின் சுங்கை சிப்புட் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். மாசாய்ப் பெண்கள் கோக்கும் இந்தப் பட்டை தோளின்மேல் தட்டுப்போல் படிந்திருக்க வேண்டும். வேலையின் நுணுக்கம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

3 மில்லிமீட்டர் கண்ணாடிப் பாசிமணிகள் 1,600, மெல்லிய கம்பி, பழைய எண்ணெய்க் கலனிலிருந்து வெட்டிய ஏழு பிளாஸ்டிக் பட்டிகள் ஆகியவை போதும். ஒவ்வொரு பட்டியிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் பத்துத் துளைகளைச் சூடான ஊசியால் இடுங்கள். உள்வரிசைக் கம்பியை முதல் துளைகளின் வழியே செலுத்தி, இரண்டு பட்டிகளுக்கு நடுவே 22 மணிகள் வருமாறு கோத்தபின், அடுத்தடுத்த வரிசைகளில் பட்டிகளுக்கு நடுவே உள்ள ஆறு இடைவெளிகளிலும் ஒவ்வொரு மணியைக் கூட்டுங்கள். அகலம் ஒரு மணி கூடும்போது சுற்றளவு ஆறு மணிக்குச் சற்று மேல் கூடும் என்பதே கணக்கு. இது தெரியாமல் வரிசைக்கு மூன்று மணி மட்டும் கூட்டி நான் கோத்த முதல் பட்டை, ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் மங்குக் கிண்ணம்போல் குவிந்து நின்றது. கடைசியில் கம்பி முனைகளை உள்ளே மடக்கி, பிடரியில் தோல் வாரால் முடிச்சிடுங்கள்.

சிவப்பு வீரத்தையும், வெள்ளை பாலையும், நீலம் வானத்தையும், பச்சை புல்லையும் குறிக்கும் என்பர். கண்ணாடி மணிகள் ஐரோப்பிய வணிகத்தின் வழியே 19ஆம் நூற்றாண்டில் பெருகின. அதற்கு முன் விதையும் எலும்பும் இரும்பும் அணிகலன்களாயின.

தலைமுடியில்தான் பலரும் தவறுகிறார்கள். செங்காவியும் கொழுப்பும் பூசிய நீண்ட மெல்லிய சடைகள் இளம் போர்வீரர்களுக்கு உரியவை. இளம் போர்வீரர்கள் அடுத்த பருவத்துக்கு உயரும் யூனோட்டோ சடங்கில் தாயே மகனின் சடையை மழித்துவிடுவாள். பெண்களோ மரபாகத் தலையை மழித்துக்கொள்பவர்கள். ஆகவே சிறுமிகளுக்குச் சிவப்புச் சடை வைக்காமல், கூந்தலை இறுக வாரி முடிந்து நெற்றியில் மணிச்சரம் கட்டுங்கள். சிறுவர்களுக்குக் காவி நிறக் கம்பளி நூல் போதும். குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் பூசினால் சீருடைக் கழுத்துக் கறை வெளுக்காது.

மாசாய் மக்களைப் போலவே மாடு மேய்க்கும் தென் சூடானின் முண்டாரி மக்கள் சாணச் சாம்பலைப் பூசிக்கொள்வது கொசுவையும் ஈயையும் தடுக்கவே. திருநீறு பூசும் நமக்கு அந்தச் சாம்பல் அந்நியமன்று. மாசாய் மக்களின் வளர்த்த காதும் பாம்படம் அணிந்த பாட்டிகளை நினைவூட்டும். குழந்தைகளின் காதுத் துளையை மட்டும் எதற்காகவும் இழுக்க வேண்டாம். நெற்றிச்சரத்தின் இரு ஓரங்களிலும் கம்பி வளையங்களைத் தொங்கவிட்டால் அதே தோற்றம் கிடைத்துவிடும்.