கேமில் இருக்கிறாள், அட்டையில் இல்லை: வீடியோ கேம் விளம்பரங்களில் தவிர்க்க வேண்டிய பாலினத் தவறுகள்

ஒரு வீடியோ கேமை உருவாக்குகிறவர்களும் அதை விற்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் அல்லர். கதையையும் பாத்திரங்களையும் ஸ்டுடியோ முடிவு செய்கிறது. அட்டைப்படம், டிரெய்லர், இணையக் கடையில் வரும் சிறு படம், சமூக ஊடகப் பதிவு ஆகியவற்றில் வெளியீட்டு நிறுவனத்தின் விளம்பரப் பிரிவுக்கே பெரும்பாலும் கடைசிச் சொல். கேமுக்குள் நன்றாகவே எழுதப்பட்ட ஒரு பெண் பாத்திரம் காணாமல் போவதும் கவர்ச்சிப் பொருளாக மாறுவதும் பல நேரங்களில் இந்த இரண்டாவது இடத்தில்தான். அங்கே நேரும் தவறுகளுள் முதலில் பேச வேண்டியது, தன்னுடைய விளம்பரமே உண்டாக்கிய ஓர் எண்ணிக்கையைச் சந்தையின் இயல்பு என்று நம்பிவிடுவது. மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

'மாஸ் எஃபெக்ட்' வரிசையை எடுத்துக்கொள்ளலாம். 2007-ல் வெளிவந்த முதல் பாகத்திலிருந்தே அதன் மையப் பாத்திரமான கமாண்டர் ஷெப்பர்டை ஆணாகவோ பெண்ணாகவோ அமைத்துக்கொள்ள முடியும். பெண் ஷெப்பர்டுக்கு ஜெனிஃபர் ஹேல் கொடுத்த குரல் ரசிகர்களிடையே பெரிதும் பாராட்டப்பட்டது. ஆனால் முதல் இரண்டு பாகங்களின் அட்டையிலும் முக்கிய விளம்பரங்களிலும் நின்றது ஆண் ஷெப்பர்டு. எதையும் மாற்றாமல் ஆட்டத்தைத் தொடங்கினாலும் அவனுடைய முகமே வரும். அவளைப் பார்க்க விரும்புகிறவர் அவள் இருக்கிறாள் என்பதை முதலில் எங்காவது கேள்விப்பட்டிருக்க வேண்டும். இப்படியிருக்க, 2011-ல் ஏறத்தாழ 18 சதவீதத்தினரே பெண் ஷெப்பர்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அந்த வரிசையை உருவாக்கிய பயோவேர் நிறுவனம் தெரிவித்தது. பெண் பாத்திரத்தில் யாருக்கும் ஆர்வமில்லை என்று இதை வாசிக்கலாம். நான்கு ஆண்டுகளாக விளம்பரத்தில் முகமே காட்டாத ஒரு பாத்திரத்தை இத்தனை பேர் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றும் வாசிக்கலாம். 2021-ல் மூன்று பாகங்களும் புதுப்பிக்கப்பட்டு ஒரே தொகுப்பாக வந்தபோது நிறுவனம் வெளியிட்ட கணக்கில் அந்த விகிதம் 32 சதவீதமாக இருந்தது. இடையில் கேம் விளையாடும் கூட்டமே மாறியிருக்கிறது என்பதால் முழுப் பெருமையையும் விளம்பரத்துக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனால் பழைய எண் ஒரு நிலையான இயற்கை விதியல்ல என்பது மட்டும் உறுதியாகிறது.

இதே கதை 2018-ல் 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி'யில் திரும்ப நடந்தது. கசாண்ட்ரா, அலெக்சியாஸ் என்ற உடன்பிறப்புகளில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து விளையாடலாம். வழக்கமான அட்டையில் நின்றது அலெக்சியாஸ். விளையாடியவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் அலெக்சியாஸைத் தேர்ந்தெடுத்தனர். கசாண்ட்ராவை மட்டுமே மையப் பாத்திரமாக வைக்கவே குழுவினர் முதலில் விரும்பினார்கள் என்றும், பெண் நாயகி விற்கமாட்டாள் என்று மேலிருந்து சொல்லப்பட்டது என்றும் 2020-ல் புளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. முதலில் ஒருவரை மறைத்துவிட்டு, பிறகு அவரை யாரும் கேட்கவில்லை என்று கணக்குக் காட்டுவது எந்தக் கடையிலும் செல்லுபடியாகாத வாதம். இந்தத் துறையில் அது நெடுங்காலம் செல்லுபடியாகிவந்தது.

அதற்குப் பணத்தின் வழியாகவும் ஒரு விளக்கம் உண்டு. ஈடார் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 669 கேம்களை ஆராய்ந்து 2012-ல் தெரிவித்த விவரப்படி, பெண்ணை மட்டுமே மையப் பாத்திரமாகக் கொண்டவை 24; அவற்றுக்கு ஒதுக்கப்பட்ட விளம்பரச் செலவு, ஆண் மையப் பாத்திரம் கொண்டவற்றுக்குச் செலவிட்டதில் ஏறத்தாழ 40 சதவீதம்தான். ஆகவே அவை குறைவாக விற்றிருந்தால், குறை நாயகியிடம் இருந்ததா, செலவிடாத கையில் இருந்ததா என்பதை அந்த விற்பனைக் கணக்கை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல இயலாது. நேர்மையாகச் சொல்வதென்றால், எதிர்ப்பக்கத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. 2005 முதல் 2010 வரை அமெரிக்காவில் வெளியான கேம்களின் 399 அட்டைகளை எடுத்துக்கொண்டு 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அட்டையின் மையத்தில் பெண் இருந்தவை குறைவாகவும், ஓரத்தில் கவர்ச்சியாகப் பெண் நின்றவை கூடுதலாகவும் விற்றிருந்ததைக் கண்டது. இந்த முடிவை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் சேர்ந்து நிகழ்வதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. மேலே சொன்ன செலவு வேறுபாடு நிலவிய அதே காலத்துச் சந்தை அது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முழு விளம்பர பலத்தோடு ஒரு நாயகியை முன்னிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2017-ல் வந்த 'ஹொரைசன் ஸீரோ டான்' ஒரு விடை: அதன் நாயகி ஏலாய் தனியாக அட்டையில் நின்ற அந்த கேம் 2021-க்குள் 2 கோடிக்கும் மேல் விற்றது.

அடுத்த தவறு, கருத்துக் கேட்பு என்ற பெயரில் ஏற்கெனவே தெரிந்த விடையையே கேட்டு வாங்குவது. 2013-ல் வந்த 'பயோஷாக் இன்ஃபினிட்' கேமின் கதை எலிசபெத் என்ற பெண்ணைச் சுற்றியே நகர்கிறது. அதன் அட்டையிலோ தோளில் துப்பாக்கியைச் சாய்த்தபடி நாயகன் புக்கர் மட்டும் நிற்க, பின்னால் கொடி எரிகிறது. எலிசபெத்துக்கு இடம் பின்னட்டையில். முந்தைய 'பயோஷாக்' கேம்களைப் பற்றிக் கேள்விப்படாதவர்களையும் எட்ட வேண்டும் என்பதற்காகக் கல்லூரி மாணவர் விடுதிகளுக்குப் போய்ப் பேசிப் பார்த்ததாக அதன் இயக்குநர் கென் லெவின் விளக்கினார். அங்கே இருந்தவர்கள் இளைஞர்கள், ஆண்கள். அந்த அறைகளில் கேட்டால் வேறு எந்த அட்டை வெல்லும்? அதே ஆண்டில் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' குழுவினரிடமும் அதன் முக்கியப் பெண் பாத்திரமான எல்லியை அட்டையில் பின்னுக்குத் தள்ளும்படி கேட்கப்பட்டது. அதை உருவாக்கிய நாட்டி டாக் ஸ்டுடியோவில் அனைவரும் மறுத்துவிட்டதாக அதன் படைப்பு இயக்குநர் நீல் டிரக்மன் கூறியிருக்கிறார். அதோடு அவர்கள் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கேமைச் சோதித்துப் பார்க்க அழைக்கப்படுகிறவர்களில் பெண்களும் இருக்க வேண்டும் என்று அவர்கள் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது, ஏனெனில் ஆய்வு நிறுவனம் அதைத் திட்டமிட்டிருக்கவில்லை. அட்டையைப் பற்றிய சண்டையைவிட இந்தச் சிறிய விவரமே எனக்கு முக்கியமாகப்படுகிறது. யாரை அழைத்து உட்கார வைக்கிறோம் என்பதில் பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

தவறைத் திருத்தப் போய் வேறொரு தவறில் விழுவதும் உண்டு. பெண் ஷெப்பர்டை விளம்பரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை வலுத்ததும், மூன்றாம் பாகத்துக்காக அவளுக்குப் பல முகங்களை வரைந்து, எது பிடித்திருக்கிறது என்று 2011-ல் ஃபேஸ்புக்கில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பொன்னிறக் கூந்தல் வென்றது. இது அழகிப் போட்டியா என்ற கண்டனம் எழுந்தது. பிறகு கூந்தலின் நிறத்துக்காக இன்னொரு வாக்கெடுப்பு நடந்து, சிவப்பு தேர்வானது. ஆண் ஷெப்பர்டின் முகம் மார்க் வாண்டர்லூ என்ற மாடலைக் கொண்டு உருவாக்கப்பட்டது. அதற்கு யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை. ஒரு போர்க்கப்பல் தளபதியை அறிமுகப்படுத்தும் வேலை அவளுடைய தோற்றத்துக்கு மதிப்பெண் போடும் வேலையாகக் குறுகிவிட்டது.

உடலைக் காட்டி விற்பது எல்லாரும் அறிந்த தவறு என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எனினும் அதில் வகைகள் உண்டு. 2009-ல் இணையமெங்கும் தென்பட்ட 'எவோனி' விளம்பரங்கள் நகரம் கட்டிப் போரிடும் ஒரு கேமுக்காக, அதில் இல்லவே இல்லாத அரைகுறை ஆடைப் பெண்களைக் காட்டின. இது பாலினப் பிரச்சினை மட்டுமல்ல, வாங்குபவரிடம் சொல்லும் பொய்யும்கூட. 2013-ல் 'டெட் ஐலண்ட்: ரிப்டைட்' கேமின் சிறப்புப் பதிப்புடன், தலையும் கைகளும் வெட்டப்பட்டு, நீச்சலுடை அணிந்த ஒரு பெண்ணுடலின் சிலையைத் தருவதாக அறிவித்த டீப் சில்வர் நிறுவனம் உடனே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 2012-ல் 'ஹிட்மேன்: ஆப்சல்யூஷன்' டிரெய்லரில் கன்னியாஸ்திரீ உடையைக் களைந்துவிட்டு இறுக்கமான ரப்பர் உடையில் வந்த கொலையாளிப் பெண்களுக்காகவும் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. இவற்றைவிட நுட்பமானது, 2016-ல் 'ஓவர்வாட்ச்' கேமில் டிரேசர் என்ற பாத்திரத்துக்கு வைக்கப்பட்டிருந்த ஒரு வெற்றி பாவனை. முதுகைக் காட்டித் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் அந்த பாவனை, துள்ளலும் குறும்புமான அவளுடைய இயல்புக்குப் பொருந்தவில்லை என்று ஒருவர் எழுதினார். கேமை உருவாக்கிய பிளிஸார்ட் நிறுவனம் அதை மாற்றியது. கவர்ச்சியே கூடாது என்பதல்ல அங்கே எழுந்த வாதம். அந்தக் கவர்ச்சி அந்தப் பாத்திரத்துடையதா, பார்க்கிறவருக்காக மேலே ஒட்டப்பட்டதா என்பதே கேள்வி. விளம்பரப் படம் எதையும் ஒப்புதலுக்கு அனுப்புமுன் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். அதே பாவனையில், அதே கோணத்தில் ஓர் ஆண் பாத்திரத்தை நிறுத்தினால் கேலியாகத் தோன்றுமானால் விடை கிடைத்துவிடும்.

விளம்பரத்துக்குள் யார் நிற்கிறார் என்பதைப் போலவே, விளம்பரம் யாரை நோக்கிப் பேசுகிறது என்பதிலும் தவறு நேர்கிறது. 2011-ல் 'டெட் ஸ்பேஸ் 2' கேமுக்கு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் செய்த விளம்பரத்தில், இருநூறுக்கும் மேற்பட்ட அம்மாக்களை அழைத்து, கேமின் மிகக் கொடூரமான காட்சிகளைக் காட்டி, அவர்கள் முகம் சுளிப்பதையும் பதறுவதையும் படம்பிடித்தார்கள். உன் அம்மாவுக்கு இது பிடிக்காது, ஆகவே உனக்குப் பிடிக்கும் என்பதே செய்தி. அந்த கேமோ 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. அம்மாவுக்குத் தெரியாமல் வாங்கும் வயதினருக்கு அதை விற்கவே கூடாது. அதே 2011-ல் அமெரிக்க கேம் நிறுவனங்களின் கூட்டமைப்பான என்டர்டெயின்மென்ட் சாஃப்ட்வேர் அசோசியேஷன் வெளியிட்ட கணக்கின்படி, விளையாடுபவரின் சராசரி வயது 37. விளையாடுபவர்களில் 18 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் 37 சதவீதம், 17 வயதும் அதற்குக் கீழும் உள்ள சிறுவர்கள் 13 சதவீதம். கேலிக்காக உட்கார வைக்கப்பட்ட அம்மாக்களின் தலைமுறையே அன்றைய வாடிக்கையாளர் தலைமுறையாகவும் இருந்தது என்பது அந்த விளம்பரத்தை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

பெண்களை வரவேற்பதற்காக எல்லாவற்றையும் இளஞ்சிவப்பாக்குவது இதன் மறுமுனை. ஒப்பனை, ஆடை, செல்லப்பிராணி என்று ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு மற்ற இடமெல்லாம் ஆண்களுக்கு என்று வைத்துக்கொள்வது, பெண்களின் ரசனை ஒரே வகையானது என்று எண்ணுவதாகும். 1980-ல் 'பேக்-மேன்' கேமை வடிவமைத்த தோரு இவாதானி, பெண்களும் ஆட்டக்கூடங்களுக்கு வர வேண்டும் என்று எண்ணியே அதைச் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாத்திரம் வாய் திறந்த ஒரு மஞ்சள் வட்டம்.

ஆண்களின் சித்திரிப்பும் இந்தப் பேச்சில் விடுபடக்கூடாது. அட்டைக்கு அட்டை துப்பாக்கியும் முறைத்த முகமுமாக ஒருவனே நிற்பதால், கடையில் ஒரு கேமுக்கும் மற்றொரு கேமுக்கும் வேற்றுமை தெரியாமல் போவதுதான் மிச்சம். விற்பனை நோக்கில் பார்த்தாலும் இது வீண்.

கடைசியாக, எதிர்ப்பு வரும்போது கொடுக்கும் பதில். 2014-ல் 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி'யில் சேர்ந்து விளையாடும்போது பெண் பாத்திரம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு, அசைவுகளையும் ஆடைகளையும் புதிதாகச் செய்ய நேரும், வேலை இரட்டிப்பாகும் என்று அதன் நிறுவனமான யூபிசாஃப்ட் பதில் சொன்னது. அனிமேஷன் துறையில் அனுபவம் உள்ளவர்களே அந்தக் கணக்கை மறுத்து எழுத, பதில் கேள்வியைவிடப் பெரிய செய்தியானது. 2018-ல் இரண்டாம் உலகப் போரைக் களமாகக் கொண்ட 'பேட்டில்ஃபீல்ட் 5' கேமின் அறிமுக டிரெய்லரில் செயற்கைக் கையுடன் போரிடும் ஒரு பெண் வந்ததற்கு எதிராகக் கூச்சல் கிளம்பியபோது, ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள் என்ற பொருளில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் உயர் அதிகாரி பேட்ரிக் சோடர்லண்ட் பேசினார். கருத்தில் அவரோடு உடன்படலாம்; விற்கிறவர் வாங்குகிறவரிடம் பேசும் முறை அதுவல்ல. அந்த கேம் 2018 இறுதிக்குள் 73 லட்சம் பிரதிகள் விற்றது, எதிர்பார்த்ததைவிட 10 லட்சம் குறைவு. பெண்ணை முன்னிறுத்தியதுதான் காரணம் என்று பலர் எழுதினார்கள். வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனதையும், போட்டியாளர்கள் எல்லாரும் பேட்டில் ராயல் முறையை (பலர் மோதி, கடைசிவரை மிஞ்சுபவர் வெல்லும் ஆட்டத்தை) முன்னிறுத்திய நேரத்தில் தாங்கள் தனியாள் கதையை முன்னிறுத்தியதையும் நிறுவனமே காரணங்களாகச் சொன்னது. இத்தகைய எண் ஒன்று மேசைக்கு வரும்போது, எந்த டிரெய்லர் எத்தனை பேருக்குக் காட்டப்பட்டது, அதற்கு எவ்வளவு செலவானது, அட்டையில் யார் நின்றார், எதையும் மாற்றாமல் தொடங்கினால் யாருடைய முகம் வந்தது, கருத்துக் கேட்க யாரை அழைத்தார்கள் என்ற விவரங்களும் அதே தாளில் இருக்க வேண்டும். அவை இல்லாத தாளை வைத்து அடுத்த கேமின் அட்டையை முடிவு செய்யக்கூடாது.