இயந்திரப் பித்தர் ஒருவரின் வீட்டையும் பட்டறையையும் பார்க்கப் போகும்போது

இயந்திரங்களே உயிர் என்று வாழ்ந்த ஒருவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவருடைய வீட்டையும் பின்பக்கப் பட்டறையையும் கலைக்காமல் வைத்துக் காட்டுகிற இடங்கள் உலகத்தில் அங்கங்கே உண்டு. இவற்றைப் பெரிய அருங்காட்சியகம் மாதிரி நினைத்துப் போகிறவர்கள் பத்து நிமிடத்தில் சுற்றிவிட்டு, "அவ்வளவுதானா?" என்று வெளியே வந்துவிடுகிறார்கள். அது இடத்தின் குறை இல்லை, பார்த்த விதத்தின் குறை. அங்கே கண்ணாடிப் பெட்டியும் விளக்கப் பலகையும் குறைவாகத்தான் இருக்கும். "இந்த மனிதர் காலையில் உள்ளே வந்து இங்கே எப்படி வேலை செய்திருப்பார்?" என்ற ஒரே கேள்வியோடு போனால் அரை நாள்கூடப் போதாது.

முதல் வேலை, கிளம்புவதற்கு முன் ஒரு போன். இப்படிப்பட்ட இடங்களைப் பெரும்பாலும் குடும்பத்தினரோ தன்னார்வலர்களோ நடத்துகிறார்கள், வாரத்தில் ஒரு நாள் அல்லது மாதத்தில் ஒரு நாள்தான் திறப்பார்கள், இணையத்தில் போட்டிருக்கும் நேரம் மூன்று வருடத்துக்கு முந்தையதாக இருக்கலாம். இயந்திரங்களை ஓட்டும் நாள் எது என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், எதை வைத்து ஓட்டுகிறார்கள் என்பது. பழைய பாய்லருக்கு முறையான சோதனையும் சான்றிதழும் இல்லாமல் நீராவி ஏற்ற முடியாது, அதற்குச் செலவு அதிகம், அதனால் பல இடங்களில் நீராவி எஞ்சினை அழுத்தக் காற்றில் ஓட்டிக் காட்டுவார்கள், அல்லது எங்காவது ஒரு மின் மோட்டாரை ஒளித்து வைத்திருப்பார்கள். அதில் தப்பில்லை, சக்கரம் சுற்றுவதைப் பார்க்கலாம். ஆனால் சூடான எண்ணெயும் கரிப்புகையும் கலந்த அந்த வாசனை வேண்டும் என்றால் உண்மையாகவே நெருப்பு மூட்டும் நாளாகப் பார்த்துப் போக வேண்டும். நெருப்பு மூட்டும் நாள் என்றால் திறக்கும் நேரத்துக்கே போய் நிற்கத் தேவையில்லை. பாய்லரை மெதுவாகத்தான் சூடேற்றுவார்கள், அவசரப்பட்டால் இரும்பு சீரில்லாமல் விரிந்து இணைப்புகள் பாழாகும், எனவே அழுத்தம் ஏறப் பல மணி நேரம் ஆகலாம். எத்தனை மணிக்கு எஞ்சின் ஓட ஆரம்பிக்கும் என்று போனிலேயே கேட்டுவிடலாம்.

வீடும் திறந்திருக்குமா, பட்டறை மட்டும்தானா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வளாகத்தில்தான் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. தாமஸ் ஆல்வா எடிசனின் வெஸ்ட் ஆரஞ்சு ஆய்வகம் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு பக்கம், அவருடைய கிளென்மாண்ட் வீடு வேலியிட்ட தனியார் குடியிருப்புப் பகுதிக்குள் இன்னொரு பக்கம். நேராக வீட்டு வாசலில் போய் நிற்பவருக்கு அலைச்சல்தான் மிஞ்சும்.

ரொம்பவும் தள்ளிப் போடாதீர்கள். இங்கிலாந்தின் போல்டன் நகரில் ஃப்ரெட் டிப்னா என்று ஒருவர் இருந்தார், 1938இல் பிறந்தவர், உயரமான ஆலைப் புகைபோக்கிகளில் ஏறிப் பழுது பார்ப்பதும் அவற்றை இடிப்பதும் தொழில், நீராவி எஞ்சின்கள் மேல் தீராத பைத்தியம். வீட்டுத் தோட்டத்திலேயே நீராவியில் ஓடும் பட்டறை, போதாததற்கு அதே தோட்டத்தில் நிலக்கரிச் சுரங்கக் குழி ஒன்றையும் தோண்ட ஆரம்பித்து நகராட்சியோடு மல்லுக்கு நின்றார். 2004இல் இறந்தார். அதன் பிறகு அந்த வீடும் பட்டறையும் சில ஆண்டுகள் பார்வையாளர்களுக்குத் திறந்திருந்தன, அப்புறம் மூடப்பட்டு உள்ளே இருந்தவை ஏலத்தில் போய்விட்டன. டிவி நிகழ்ச்சிகளில் வந்து ஊரறிந்த ஆளாக இருந்தும் இதுதான் நிலைமை. ஊருக்கு வெளியே பெயர் தெரியாத ஒருவரின் பட்டறை எத்தனை நாள் தாக்குப் பிடிக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உடை விஷயம் சுருக்கமாக. தழையும் துணி, தொங்கும் துப்பட்டா, கட்டாத நீள முடி, தளர்ந்த கைப்பகுதி இதெல்லாம் சுற்றும் ஷாஃப்டுக்கு, அதாவது இயந்திரங்களை ஓட்டும் இரும்புத் தண்டுக்கு, பக்கத்தில் வேண்டாம். மூடிய காலணி போடுங்கள், எண்ணெய்க் கறை பட்டால் வருத்தப்படாத உடுப்பாக இருக்கட்டும். குழாய்களைச் சுற்றிப் பழைய வெள்ளைப் பொதி மாதிரி ஏதாவது இருந்தால் கிள்ளிப் பார்க்காதீர்கள், அந்தக் காலத்து வெப்பக் காப்பில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பளபளப்பான இரும்பையும் வெறும் கையால் தடவ வேண்டாம். விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது, கொஞ்ச நாளில் உங்கள் ரேகை துருவாக அங்கே தெரியும், அதைத் தேய்த்து எடுக்கப் போவது யாரோ ஒரு தன்னார்வலர்.

சரி, உள்ளே போயாச்சு. நான் சொல்லும் வழி இதுதான்: சக்தி எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடியுங்கள், அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பின்தொடருங்கள். தனித்தனி இயந்திரமாகப் பார்த்தால் எல்லாம் வெறும் இரும்புதான், கோர்த்துப் பார்த்தால்தான் பட்டறை பேச ஆரம்பிக்கும். நீராவிப் பட்டறை என்றால் பாய்லரிலிருந்து தொடங்குங்கள். முகப்பில் செங்குத்தாக ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது அதுதான், பாய்லரைக் கவனிப்பவரின் கண் அடிக்கடி அங்கே போவதைக் கவனியுங்கள், ஏனென்றால் நெருப்புப் படும் தகட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் தகடு பழுக்கக் காய்ந்து பலம் இழந்துவிடும். மேலே பாதுகாப்பு வால்வு. அங்கிருந்து குழாய் வழியாக எஞ்சின். எஞ்சின் மேல் இரண்டு குண்டுகள் சுழன்றால் அது கவர்னர், வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவி வழியைக் குறுக்கும், வேகம் குறைந்தால் சுருங்கித் திறந்துவிடும். 1788இலேயே ஜேம்ஸ் வாட் எஞ்சினில் பொருத்திய ஏற்பாடு. பிறகு ஃப்ளைவீல், ஓட்டத்தைச் சீராக வைக்கும் கனமான சக்கரம், அங்கிருந்து ஒரு பெரிய பெல்ட் மேலே ஏறும்.

இப்போது நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். நிறையப் பேர் செய்யாத காரியம் இது. கூரையடியில் நீளமாக ஓடும் ஒரே ஒரு ஷாஃப்ட், அதில் வரிசையாகப் புல்லிகள் (பெல்ட் ஓடும் சக்கரங்கள்), ஒவ்வொரு புல்லியிலிருந்தும் ஒரு தட்டைப் பெல்ட் கீழே இறங்கி லேத்தையோ (கடைசல் இயந்திரம்) டிரில்லிங் மெஷினையோ சுற்றும். மேல் புல்லி 300 மில்லிமீட்டர், கீழே 150 என்றால் கீழே இருப்பது இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும், இந்தக் கணக்கை வைத்தே பட்டறையின் எல்லா வேகங்களையும் அளந்துவிடலாம். பெல்ட் நேராக இறங்கினால் இரண்டு புல்லியும் ஒரே திசையில், எட்டுப் போல் குறுக்கிட்டு இறங்கினால் எதிர்த் திசையில். லேத்தில் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும் புல்லி இருந்தால் அதுதான் கியர் மாற்றும் இடம், பெல்ட்டை ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குத் தள்ளுவார்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களைத் தேடிப் பாருங்கள். ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மெஷினை மட்டும் எப்படி நிறுத்தினார்கள்? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புல்லிகள் இருக்கும், ஒன்று ஷாஃப்டோடு இறுகியது, மற்றது சும்மா சுழல்வது, ஒரு மரக் கைப்பிடியை இழுத்தால் பெல்ட் இதிலிருந்து அதற்கு நகர்ந்துவிடும், மெஷின் நின்றுவிடும். அடுத்தது, ஓரத்தில் தடுப்பு எதுவும் இல்லாத புல்லியிலிருந்து பெல்ட் ஏன் நழுவி விழுவதில்லை? புல்லியை உற்றுப் பார்த்தால் நடுவில் லேசாகப் புடைத்திருக்கும், தட்டைப் பெல்ட் எப்போதும் உயரமான பக்கம் ஏறப் பார்க்கும், அதனால் நடுவிலேயே நின்றுவிடுகிறது. கூடக் குழந்தைகள் வந்திருந்தால் விடையைச் சொல்லிவிடாமல் இந்தக் கேள்வியை மட்டும் அவர்களிடம் விடுங்கள். அவர்கள் கையை மட்டும் விடாதீர்கள்.

அடுத்து வேலை மேஜை. அதில் இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் மேல் விளிம்பு வேலை செய்பவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது ஃபிட்டர்களின் பழைய கணக்கு, ஆக அந்த மனிதர் எவ்வளவு உயரம் என்பதை வைஸ் பக்கத்தில் நின்றே ஊகிக்கலாம். லேத்தின் படுகையில் சக் (வேலைத் துண்டைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) பக்கம் தேய்மானம் அதிகமா, மறு பக்கம் அதிகமா என்று பாருங்கள். பெரும்பாலும் சக் பக்கம்தான், ஏனென்றால் சின்னச் சின்ன வேலைகள்தான் ஒருவருக்கு அதிகம் வரும். அரங்களின் கைப்பிடி, தரைப் பலகையின் குழி, சுவரில் பென்சிலால் கிறுக்கிய கணக்கு, எதற்கும் ஆகாத துண்டு இரும்புகளை அடைத்து வைத்த டப்பா, இதையெல்லாம் அவசரமில்லாமல் பாருங்கள். பழைய ஆங்கிலேய ஸ்பேனர் ஒன்றில் அரை அங்குலம் என்று எழுதியிருக்கும், வாய் அதைவிடப் பெரியதாக இருக்கும். தப்பாக எழுதவில்லை. 1841இல் ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த திருகு முறையில் ஸ்பேனரில் குறிப்பது போல்ட் தண்டின் விட்டத்தை, நட்டின் அகலத்தை இல்லை. சொந்தமாகச் செய்த கருவிகள் எவை என்று கேட்டுக் கண்டுபிடியுங்கள், கடையில் வாங்கியதைவிட இவற்றில்தான் ஆள் தெரிவார்.

அடுத்த கேள்வி கொஞ்சம் சங்கடமானது, ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்: இதில் எது அசல்? பாதுகாக்கப்பட்டது என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. வெஸ்ட் ஆரஞ்சில் எடிசன் 1887இல் கட்டிய கட்டடங்கள் அதே இடத்தில் நிற்கின்றன, மெஷின் ஷாப்பில் பெல்ட்டுகளும் தொங்குகின்றன. ஜேம்ஸ் வாட் விஷயம் வேறு. 1819இல் அவர் இறந்த பிறகு அவருடைய மாடிப் பட்டறை பெரிதாகக் கலைக்கப்படாமல் கிடந்தது, வீடு இடிபடும் நிலை வந்தபோது 1924இல் அந்த அறையையே தரைப் பலகை, கதவு, ஜன்னலோடு பெயர்த்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள், உள்ளே இருந்த பொருட்கள் மட்டும் 8,000க்கு மேல். பொருள் அசல், இடம் புதியது. மூன்றாவது வகை, நியூ ஜெர்சியிலேயே இருந்த எடிசனின் பழைய மென்லோ பார்க் ஆய்வகம். அதை ஹென்றி ஃபோர்டு 1929இல் மிச்சிகனின் டியர்பார்னில் மறுபடி கட்டினார், நியூ ஜெர்சி மண்ணைக்கூட அள்ளிக்கொண்டு வந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, தரைதான் எங்களிடம் இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை என்று எடிசன் சொன்னாராம். நல்ல அளவுகோல் இது. ரொம்பச் சுத்தமாக இருக்கும் பட்டறையை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

சுற்றிக் காட்டுபவரை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பலர் ஓய்வு பெற்ற ஃபிட்டர்களாக, லேத் ஓட்டும் டர்னர்களாக இருப்பார்கள், அல்லது அந்த மனிதரோடு பழகியவர்களாக. "இது என்ன விலை இருக்கும்?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எது அடிக்கடி பழுதாகும், எந்த மெஷினைத் தொட யாரையும் விடமாட்டார், ஆரம்பித்து முடிக்காமல் விட்டது எது என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் குறுக்கே பேசாமல் விட்டுவிடுங்கள், கதை எங்கெங்கோ போய் வரும், போகட்டும். ஒன்று, அவர் ஷாஃப்டில் எண்ணெய் விட்டுக்கொண்டோ பாய்லரைக் கவனித்துக்கொண்டோ இருக்கும்போது கேட்காதீர்கள்.

வீட்டைக் கடைசியில் பாருங்கள். பட்டறை தெரிந்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைந்திருக்கும் பட்டறை கண்ணுக்குப் படும். இங்கிலாந்தின் நார்த்தம்பர்லாந்தில் பொறியாளரும் தொழிலதிபருமான வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங்கின் கிராக்சைட் வீடு இதற்கு நல்ல உதாரணம், கொஞ்சம் பணக்கார உதாரணம்தான். நீரழுத்தத்தில் ஏறி இறங்கும் லிஃப்ட், சமையலறையில் இறைச்சியைச் சுற்றி வாட்டும் கம்பியும் தண்ணீர் விசையில், 1878இலேயே நீர்மின்சாரத்தில் ஒளிர்ந்த விளக்கு. சாதாரண வீடுகளில் இது கதவுக் கொக்கியாகவோ அழைப்பு மணியாகவோ அலமாரி இழுப்பறையாகவோ இருக்கும். கூடவே, அந்த வீட்டில் இருந்த மற்றவர்களைப் பற்றியும் கேளுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குச் சுத்தியல் சத்தத்தையும் படுக்கையறை வரை வரும் இரும்புத் தூளையும் மனைவியும் பிள்ளைகளும் எப்படிச் சகித்தார்கள் என்பது விளக்கப் பலகையில் இருக்காது.

படம் எடுக்க அனுமதி கேட்டுவிட்டு, முதலில் முழு அறையும் தெரிகிற மாதிரி ஒன்று எடுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்த பிறகு எந்தப் புல்லி எந்த மெஷினுடையது என்று புரியாது. ஒவ்வொரு மெஷினிலும் தயாரித்தவர் பெயர்த் தகடும் வரிசை எண்ணும் இருந்தால் அதையும் எடுங்கள், அந்த எண்ணை வைத்து எந்த வருடம் செய்தது என்று பல சமயம் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஓடும் மெஷின் என்றால் வீடியோதான் நல்லது, சத்தமும் வரும்.

கிளம்பும்போது உண்டியலில் ஏதாவது போடுங்கள், எண்ணெயும் கரியும் இலவசமாக வருவதில்லை. வந்தவர்கள் ஏட்டில் "அருமை" என்று மட்டும் எழுதாமல் எதைப் பார்த்து நின்றுவிட்டீர்கள் என்று எழுதினால், அடுத்த முறை உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கும்போது நடத்துபவர்களுக்குக் காட்ட ஏதாவது இருக்கும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கருவியோ மெஷின் கையேடோ கிடந்தால் கையோடு தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்துவிடாதீர்கள். முதலில் படம் அனுப்பிக் கேளுங்கள். கையேட்டை அநேகமாகச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள், இன்னொரு வைஸ் வைக்க இடமில்லாமல்தான் திண்டாடுவார்கள்.