யோகட் கப்பில் ஓர் உணவு வலை: தேயிலைச் சுருட்டுப் புழுவும் அதற்குள் இருக்கும் குளவியும்

மலையகத்தில் ஒட்டுண்ணி என்றதும் ஞாபகம் வருவது அட்டைதான். ஆனால் உணவு வலை வரையச் சொன்னால் புல், மரை, சிறுத்தை என்று வரைந்து முடித்துவிடுவோம். மரையின் இரத்தம் குடிக்கும் அட்டைக்கு ஒரு கோடும் கிடைக்காது. ஒட்டுண்ணிகளையும் சேர்த்து வரைந்த நான்கு உணவு வலைகளை ஒப்பிட்டு 2006இல் வெளிவந்த ஆய்வொன்று, இரைகௌவிக் (வேட்டையாடி உண்ணும் விலங்கின்) கோடுகளைவிட ஒட்டுண்ணிக் கோடுகளே சராசரியாக அதிகம் என்று காட்டியது. விடுபடும் அந்தக் கோடுகளில் ஒன்றைத் தேயிலை மலையிலேயே பிடித்துவிடலாம்: தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் சுருட்டுப் புழுவும், அதன் உடலுக்குள் ஒட்டுண்ணியாக வளரும் சின்னக் குளவியும்.

வேண்டியவை: கழுவிக் காயவைத்த யோகட் கப் 30, மெல்லிய பருத்தித் துணி, ரப்பர் பேண்ட், டிஷ்யூ, பேனா. நுளம்பு வலை உதவாது. சின்னக் குளவி கண்ணி வழியாகவே போய்விடும்.

1. சேகரிப்பது. இரண்டு இலைகள் நூலால் ஒட்டியோ, ஓர் இலை சுருண்டோ இருந்தால் உள்ளே புழு இருக்கலாம். கூட்டோடு கிள்ளி எடுங்கள். எந்த நம்பர் மலையில் கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அண்மையில் அடித்த மலையில் புழுவும் சாகும், குளவியும் சாகும். பார்க்க எதுவும் மிஞ்சாது.

2. வளர்ப்பது. ஒரு கப்புக்கு ஒரு புழுதான். சேர்த்துப் போட்டால் எதிலிருந்து எது வந்தது என்று சொல்ல முடியாது. அடியில் டிஷ்யூ, மேலே புதிய தேயிலை இலை இரண்டு. இலையை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். புழுக்கள் சாவதற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். மழை இலையைத் துடைக்காமல் போட்டால் கப் வியர்த்து, பூஞ்சணம் பிடித்துவிடும். வெயில் படும் ஜன்னலும் வேண்டாம். குளிரான தோட்டங்களில் ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

3. பதிவது. அந்துப்பூச்சி வந்ததா, குளவி வந்ததா, ஈ வந்ததா, சும்மா செத்ததா என்று நான்காகப் பிரித்து எழுதுங்கள். உதாரணமாக 30இல் 4 காரணம் தெரியாமல் செத்து, 9இல் குளவி வந்தால் கணக்கு 9/26, ஏறத்தாழ 35%. செத்ததையும் சேர்த்து 30ஆல் வகுத்தால் வீதம் குறைந்து காட்டும்.

4. வரைவது. அம்பு எப்போதும் உண்ணப்படுவதிலிருந்து உண்பதை நோக்கி: தேயிலை → புழு → குளவி. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கொண்டைக்குருவி ஒரு புழுவைக் கொத்தும்போது, உள்ளே வளரும் குளவிக் குடம்பியும் (குளவியின் இளம்புழு) சேர்ந்தே வயிற்றுக்குள் போகிறது. எனவே குளவியிலிருந்து குருவிக்கும் ஓர் அம்பு வேண்டும். வளர்ந்த குளவி சிலந்தி வலையில் சிக்கும். அங்கேயும் ஓர் அம்பு. அட்டை தன் விருந்துவழங்கியை, அதாவது தான் ஒட்டி உண்ணும் விலங்கை, கொல்வதில்லை, இந்தக் குளவியோ கடைசியில் கொன்றே வெளியே வரும். அதனால் குளவிக்கு வேறு நிற மை எடுங்கள்.

5. அழித்துப் பார்ப்பது. குளவி வட்டத்தை விரலால் மறையுங்கள். இது கற்பனைப் பயிற்சி அல்ல. சுருட்டுப் புழுவை அடக்க மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற குளவியை 1935-36இல் ஜாவாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள், புழு அடங்கியது. பிறகு 1950களில், தண்டைத் துளைக்கும் சிறு வண்டுக்காக டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தபோது குளவிகள் மடிந்தன, சுருட்டுப் புழு மறுபடி பெருகியது. மருந்து அடித்தது வண்டுக்கு, பலன் புழுவுக்கு.

கப்பில் திறக்காத குளவிக் கூடு மிஞ்சினால் எறியவேண்டாம், இன்னும் இரண்டு வாரம் வையுங்கள். சிலவேளை அதிலிருந்து வேறு சாயலில், இன்னும் சின்னக் குளவி ஒன்று வரும். அது குளவிக்குள் வளர்ந்த குளவி. அதற்கும் ஒரு வட்டம் போடத் தாளில் மேல் பக்கம் இடம் விட்டே தொடங்குங்கள்.