லோட் அவரேஜை நாமே கணக்கிட்டுப் பார்ப்போம்

கிளிநொச்சியில் என்னிடம் லினக்ஸ் இயங்குதளம் பழக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள்: ‘அப்டைம்’ என்று தட்டினால் வரியின் கடைசியில் வரும் மூன்று எண்கள் எதைச் சொல்கின்றன? புரோசசர் எத்தனை வீதம் வேலை செய்கிறது என்பதையே அவை சொல்வதாக எண்ணிவிடுகிறார்கள். அது பிழை, அந்தப் பிழையை முதலிலேயே திருத்திக்கொள்ள வேண்டும். அவைதான் லோட் அவரேஜ், அதாவது முறையே 1, 5, 15 நிமிடங்களுக்கான சராசரிச் சுமை.

காலபோக அறுவடை முடிந்ததும் வன்னியின் நெல் மில்களுக்கு முன்னால் எப்படி வரிசை நிற்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். உள்ளே நெல் குற்றுவித்துக்கொண்டிருப்பவரையும் வெளியே தம் முறைக்காக நிற்பவர்களையும் சேர்த்து எண்ணினால் வரும் தொகையே அந்த நேரத்துச் சுமை. லினக்ஸும் அவ்வாறே, ஓடிக்கொண்டிருக்கும் செயல்களையும் (இயக்கிவிடப்பட்ட நிரல்களையும்) ஓடத் தயாராகக் காத்திருக்கும் செயல்களையும் சேர்த்து எண்ணுகிறது.

இந்த எண்ணிக்கை ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. ஆனால் 60 விநாடிக்குரிய எண்களைச் சேமித்து வைத்து, கூட்டி வகுப்பதில்லை. ஒரு நிமிடக் கணக்கில், பழைய சுமையை 0.92 ஆல் பெருக்கி, இப்போதைய எண்ணிக்கையை 0.08 ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் புதிய சுமை கிடைக்கும். 5 நிமிடத்துக்கும் 15 நிமிடத்துக்கும் வழி இதுவே. பெருக்கும் எண்கள் மட்டும் மாறும்: பழையதற்கு 0.983, 0.994, இப்போதைய எண்ணிக்கைக்கு 0.017, 0.006. லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல், தசம எண்களைத் தவிர்ப்பதற்காக 2048 ஐ 1 க்குச் சமமாக வைத்துக்கொண்டு 1884, 2014, 2037 என்ற முழு எண்களால் இதைச் செய்கிறது.

இப்போது கையால் செய்து பாருங்கள். வேறு வேலை எதுவும் ஓடாத கணினியில் ஒரே எழுத்தை ஓயாமல் வெளியிடும் ‘யெஸ்’ கட்டளையை இயக்கி, அதன் வெளியீட்டை, எழுதுவதையெல்லாம் விழுங்கிவிடும் ‘நல்’ கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். சுமை 0 இலிருந்து தொடங்குவதால் 5 விநாடியில் 0.08 வரும், அதை 0.92 ஆல் பெருக்கி மீண்டும் 0.08 ஐக் கூட்டினால் 10 ஆவது விநாடியில் 0.15. ஒரு நிமிடம் முழுவதும் ஒரு செயல் ஓய்வின்றி ஓடியும் முதல் எண் 1 ஐத் தொடாமல் 0.63 இலேயே நிற்கும். 15 நிமிட எண்ணோ 0.06 ஐத்தான் காட்டும். அந்த இடத்தில் யெஸ்ஸை நிறுத்திவிட்டு இன்னொரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், ஓடும் செயல் எதுவும் இல்லாதபோதும் 0.23 மிச்சம் நிற்கும். பழைய சுமை சிறிது சிறிதாகவே கரைகிறது.

அடுத்து, ‘என்-புரொக்’ தட்டி உங்கள் கணினியில் எத்தனை கோர், அதாவது தனித்தனியே வேலை செய்யக்கூடிய புரோசசர் அலகு, உண்டு என்று பாருங்கள். சுமை 4 என்பது நான்கு கோர் கணினிக்கு நிறைந்த வேலை. ஒரே கோர் உள்ளதற்கு, மூன்று பேர் வெளியே நிற்கும் வரிசை.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. 1993 முதல் லினக்ஸ், வன்தட்டு போன்றவற்றின் பதிலுக்காக இடையில் எழுப்ப முடியாதபடி உறங்கும் செயல்களையும் இந்த எண்ணிக்கையில் சேர்க்கிறது. எங்கள் வகுப்பின் பழைய கணினி ஒன்றில் சுமை 4 ஐத் தாண்டி நின்றது. புரோசசரோ சும்மா கிடந்தது. ஓடும் செயல்களைப் பட்டியலிடும் ‘டாப்’ கட்டளையின் திரையில், நிலைப் பத்தியில் நான்கு செயல்கள் இந்த உறக்கத்தைக் குறிக்கும் ‘டி’ என்ற எழுத்துடன் அசையாமல் நின்றன. பழுதடைந்த வன்தட்டைக் கழற்றி வேறொன்றைப் பூட்டிய பிறகே அந்த எழுத்து மறைந்தது, சுமையும் இறங்கியது.